பவர் கூடின ஆன்டிபயாடிக் எது?

கேள்வி இது: “தொண்டை வலிக்கு ஒரு ஆன்டிபயாடிக், சிறுநீர்த் தொற்றுக்கு இன்னொன்று, காசநோய் என்றால் நாலு மருந்து சேர்த்து ஆறு மாதம். எல்லாமே பாக்டீரியாதானே? இருப்பதிலேயே பவர் கூடினது எதுவோ அதையே எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டால் என்ன?”

கிருமிகளையும் மருந்துகளையும் மோதவிட்டுப் பார்ப்பதுதான் என் தொழில். பல வருடமாக நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருக்கிறேன். நோயாளிகளின் வீட்டார் இதே கேள்வியை அடிக்கடி கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ‘பவர்’ என்ற சொல்லை முதலில் ஓரமாக வைத்துவிட வேண்டும். ஒரு ஆன்டிபயாடிக் வேலை செய்ய மூன்று விஷயம் கூடிவர வேண்டும். அது பிடித்து முடக்கும் பாகம் அந்தக் கிருமியிடம் இருக்க வேண்டும். மருந்து அந்தப் பாகம் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். போகிற வழியில் கிருமி அதை உடைத்துவிடாமலும் வெளியே தள்ளிவிடாமலும் இருக்க வேண்டும். இதில் ஒன்று அடியோடு இல்லையென்றால் டோஸை எவ்வளவு ஏற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

ஆய்வகத்துக்குச் சீழ் வந்ததும் முதலில் என்ன செய்வோம் என்று சொல்கிறேன். கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகத் தடவி, காயவிட்டு, தீயில் லேசாகக் காட்டி ஒட்டவைப்போம். கிரிஸ்டல் வயலெட் என்ற ஊதாச் சாயம், ஒரு நிமிடம். கழுவிவிட்டு அயோடின், இன்னொரு நிமிடம். அதுவரைக்கும் தகட்டில் இருப்பதெல்லாம் ஒரே ஊதா. அடுத்து ஆல்கஹால். தகட்டைச் சாய்த்துப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வழிகிற சொட்டில் ஊதா தெரியாமல் போன கணத்தில் நிறுத்தித் தண்ணீரில் அலசிவிட வேண்டும். சில விநாடி கூடினால் வெளுக்கக் கூடாததும் வெளுத்துவிடும், குறைந்தால் வெளுக்க வேண்டியது வெளுக்காது. புதிதாக வருகிறவர்களுக்கு இந்த ஒரு படி கைக்கு வரவே சில வாரங்கள் ஆகும். கடைசியாக சாஃப்ரானின் என்ற சிவப்புச் சாயம். எண்ணெய்ச் சொட்டு வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், இளஞ்சிவப்பான சீழ் அணுக்களுக்கு நடுவே திராட்சைக் குலை மாதிரி ஊதா உருண்டைகள் தெரியலாம். அது பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ். இளஞ்சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் ஈ. கோலை, கிளெப்சியெல்லா வகையறா. சில நிமிட வேலைதான். ஆனால் அந்த ஒரு பார்வையிலேயே மருந்துப் பட்டியலில் பெரும்பகுதி அடிபட்டுப் போய்விடும்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியான் கிராம் 1884-ல் வெளியிட்ட முறை இது. நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமியைக் கண்ணுக்குத் தெரியவைக்கப் பார்த்தார், அவ்வளவுதான். ஊதாவைப் பிடித்துக்கொள்வது கிராம் பாசிட்டிவ், விட்டுவிடுவது கிராம் நெகட்டிவ். சில கிருமிகள் சாயத்தைப் பிடித்துக்கொள்வதற்கும் சில விட்டுவிடுவதற்கும் காரணம் வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. காரணம் செல் சுவர்.

பாக்டீரியாவுக்குள் உப்பும் புரதமும் சர்க்கரையும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அதனால் வெளியில் இருக்கும் தண்ணீர் எப்போதும் உள்ளே பாயப் பார்க்கும். கிராம் பாசிட்டிவ் கிருமிக்குள் இருக்கும் அழுத்தம் 20 வளிமண்டல அழுத்தம் வரைக்கும் போகும். கார் டயரில் இருப்பதைவிடப் பத்து மடங்கு. அது வெடித்துவிடாமல் காப்பது பெப்டிடோகிளைக்கான் என்ற வலை. நீளவாக்கில் சர்க்கரைச் சங்கிலிகள், அவற்றைக் குறுக்கே முடிந்து இழுத்துக் கட்டியிருக்கும் குட்டிக் குட்டிப் பெப்டைடுகள். கிராம் பாசிட்டிவில் இந்த வலை அடுக்கு மேல் அடுக்காக 20 முதல் 80 நானோமீட்டர் தடிமன் இருக்கும். கிராம் நெகட்டிவில் ஓரிரு அடுக்கு மட்டும். அதற்குப் பதிலாக வலைக்கு வெளியே கொழுப்பாலான இன்னொரு சவ்வு போர்த்தியிருக்கும். ஆல்கஹால் விட்டதும் அந்த வெளிச்சவ்வு கரைந்து, மெல்லிய வலை வழியே ஊதா வெளியேறிவிடுகிறது. தடித்த வலைக்குள் மாட்டிய ஊதா மாட்டியதுதான். ஆக, நாங்கள் தகட்டில் பார்க்கிற நிறம் கிருமியின் மதில் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது.

இந்த மதிலைத்தான் பென்சிலின் குடும்பம் குறிவைக்கிறது. வலையில் முடிச்சுப் போடுவதற்கென்றே கிருமியிடம் ஒரு நொதி இருக்கிறது. கட்டப்படக் காத்திருக்கும் பெப்டைடின் நுனியில் இரண்டு டி-அலனின்கள் அடுத்தடுத்து இருக்கும். நொதி கடைசி அலனினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பக்கத்துச் சங்கிலியைக் கொண்டுவந்து முடிந்துவிடும். பென்சிலினுக்கு நடுவே பீட்டா-லாக்டம் என்ற நாற்கோண வளையம் இருக்கிறது. அந்தப் பகுதி, இரண்டு அலனின்களும் சேர்ந்த நுனியை அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். நொதி அதைத்தான் தன் வேலைக்கான நுனி என்று நம்பிப் பிடிக்கிறது. பிடித்ததும் வளையம் திறந்து நொதியோடு ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு அந்த நொதியால் வேறு எதையும் பிடிக்க முடியாது. வளர்கிற கிருமி தன் வலையை ஒரு பக்கம் வெட்டி இடம் பண்ணிக்கொண்டேதான் வளர முடியும். வெட்டுகிற நொதிகள் வெட்டிக்கொண்டே இருக்கின்றன, முடிகிற நொதிகள் மட்டும் முடங்கிக் கிடக்கின்றன. ஆம்பிசிலின் பட்ட ஈ. கோலையை நுண்ணோக்கியின் கீழ் உயிரோடு வைத்துப் பார்த்தால், குச்சி முதலில் நீளும். பிறகு நடுவில் ஒரு பக்கமாகக் கொப்புளம் ஒன்று கிளம்பும். அது பெருத்துக்கொண்டே வந்து சட்டென்று மறைந்துபோகும். மறுகணம் அங்கே வெறும் நிழல் மாதிரி ஒரு கூடு.

இதிலிருந்தே இரண்டு விஷயம் பிடிபடும். நம் செல்களுக்குச் செல் சுவர் கிடையாது, ஆகவே பென்சிலினுக்கு நம்மிடம் பிடிக்க ஒன்றும் இல்லை. ஒவ்வாமை உள்ளவர்கள் நீங்கலாக மற்றவர்கள் அதைப் பெரிய அளவில் தாங்குவதன் ரகசியம் அதுதான். இரண்டாவது, வளராமல் உறங்கிக் கிடக்கும் கிருமியைப் பென்சிலின் ஒன்றும் செய்யாது. வலை பின்னாதவனிடம் முடிச்சைத் தடுத்து என்ன ஆகும்?

ஒரே மருந்து எல்லாக் கிருமிக்கும் பொருந்தாது என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்ட சங்கதி. 1928-ல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் தட்டில் பூஞ்சை விழுந்து ஸ்டஃபைலோகாக்கஸ் கரைந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதே பென்சிலின் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா என்ற கிராம் நெகட்டிவ் கிருமியைத் தொடவில்லை என்பதையும் அவர் கவனித்தார். 1929-ல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் அதை ஒரு வசதியாகவே எடுத்துச் சொன்னார்: தொண்டைச் சளியை வளர்க்கும் தட்டில் பென்சிலினைச் சேர்த்துவிட்டால் மற்ற கிருமிகள் ஒதுங்கி ஹீமோஃபிலஸ் மட்டும் தனியாக வளரும். எந்தக் கிருமி சாகிறது என்பது எவ்வளவு முக்கியமோ, எந்தக் கிருமி சாகவில்லை என்பதும் அவ்வளவு முக்கியம் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. அந்தப் பார்வையை நான் மிகவும் மதிக்கிறேன்.

பெரும்பாலான கிராம் நெகட்டிவ் கிருமிகளைப் பென்சிலின் தொடாததற்கு முக்கியக் காரணம் அந்த வெளிச்சவ்வு. அதில் போரின் என்ற புரதக் குழாய்கள் உண்டு. உணவுப் பொருள்கள் நுழைவதற்கான வாசல் அது. சிறிய, தண்ணீரில் எளிதில் கரைகிற மூலக்கூறுகளுக்குத்தான் அதில் வழி. பழைய பென்சிலின் அந்த வாசலில் லேசில் நுழையாது. அதன் பக்கவாட்டில் ஓர் அமினோ தொகுதியைச் சேர்த்துப் பார்த்தார்கள். அது போரின் வழியே நழுவி உள்ளே போனது. 1961-ல் சந்தைக்கு வந்த ஆம்பிசிலின் அதுதான். மருந்தின் கொல்லும் பகுதியில் எந்த மாற்றமும் இல்லை, வாசலுக்கேற்ற உடுப்பு மட்டும் மாறியது.

இப்போது வான்கோமைசினைப் பாருங்கள். ‘கடைசி ஆயுதம்’, ‘ரொம்ப பவர்’ என்றெல்லாம் மக்கள் சொல்லும் மருந்து. அது நொதியை விட்டுவிட்டு, அந்த இரட்டை அலனின் நுனியையே தொப்பி மாதிரி கவ்விக்கொள்ளும். அருமையான உத்தி. ஆனால் மூலக்கூறு மிகப் பெரிது, பென்சிலினைவிட நான்கு மடங்குக்கு மேல் எடை. போரின் வழியே நுழைய வாய்ப்பே இல்லை. மாணவர்களுக்குக் காட்டுவதற்காக ஈ. கோலை பரப்பிய தட்டில் வான்கோமைசின் ஏற்றிய சிறு காகித வில்லையை வைப்பேன். மறுநாள் காலை எடுத்துப் பார்த்தால் வில்லையின் விளிம்பை ஒட்டிக் கிருமி செழிப்பாக வளர்ந்திருக்கும். பக்கத்தில் எளிய ஆம்பிசிலின் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் இருக்கும். அந்தத் தட்டை ஒருமுறை பார்த்தவர்கள் பவர் பேச்சை விட்டுவிடுவார்கள்.

கிராம் நெகட்டிவின் வெளிச்சவ்வையே பற்றிக் கிழிக்கும் மருந்தும் உண்டு, கொலிஸ்டின். ஆனால் சவ்வு என்பது நமக்கும் இருக்கிற பொருள். சிறுநீரகம் அடிவாங்கும். அதனால் வேறு வழியே இல்லாதபோதுதான் அதை எடுப்பார்கள்.

மதிலே இல்லாத கிருமியும் இருக்கிறது. மைக்கோபிளாஸ்மா, வாரக்கணக்கில் விடாத இருமலையும் ஒருவகை நிமோனியாவையும் கொண்டுவருவது. அதற்குச் செல் சுவர் கிடையாது. பென்சிலினோ, அதே மாதிரி மதிலைத் தாக்கும் செஃபலோஸ்போரினோ, அதைவிடப் பெரிய பெயருள்ள மெரோபெனமோ, எதைக் கொடுத்தாலும் ஒன்றுதான். அசித்ரோமைசின் அல்லது டாக்சிசைக்ளின் வேண்டும். அவை வேறொரு இடத்தைத் தாக்குகின்றன: ரைபோசோம், அதாவது புரதம் தயாரிக்கும் பட்டறை.

ரைபோசோம் நமக்கும் உண்டு. ஆனால் வார்ப்பு வேறு. கிருமியின் ரைபோசோம் 70எஸ் அளவு, 30எஸ், 50எஸ் என்று இரண்டு துண்டு (எஸ் என்பது படியும் வேகத்தின் அலகு, கூட்டினால் சரியாக வராது). நம்முடையது 80எஸ். டாக்சிசைக்ளின் 30எஸ் துண்டில் உட்கார்ந்து, அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் மூலக்கூறுக்கு இடம் கொடுக்காது. அசித்ரோமைசின், எரித்ரோமைசின் எல்லாம் 50எஸ் துண்டில் புதுப் புரதம் வெளியேறும் சுரங்கத்தை அடைத்துக்கொள்ளும். ஜென்டாமைசின் குடும்பம் இன்னும் மோசமான காரியம் செய்யும்: ரைபோசோமைத் தப்பாக வாசிக்கவைத்துக் கோணல் புரதங்களைச் செய்யவைக்கும். அந்தக் கோணல் புரதங்கள் சவ்வில் போய்ச் செருகிக்கொண்டு அதை ஓட்டையாக்கும். அதனால்தான் டாக்சிசைக்ளின் பெரும்பாலும் கிருமியின் வளர்ச்சியை நிறுத்திவைக்கிறது (மிச்சத்தை நம் வெள்ளணுக்கள் பார்த்துக்கொள்கின்றன), ஜென்டாமைசினோ நேரடியாகவே கொல்கிறது. நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் மட்டும் கிருமியுடையதை ஒத்திருக்கும். ஆதியில் அதுவே ஒரு பாக்டீரியாவாக இருந்த உறவு அது. மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ள குடும்பங்களில் ஜென்டாமைசின் போட்டதும் காது கேளாமல் போவது இந்த ஒற்றுமையால்தான்.

ஜென்டாமைசின் கிருமிக்குள் நுழையும் விதமும் பார்க்க வேண்டியது. கிருமி ஆக்சிஜனை வைத்துச் சுவாசிக்கும்போது சவ்வில் உண்டாகும் மின்னழுத்தம்தான் அதை உள்ளே இழுக்கிறது. ஆக்சிஜன் இல்லாத ஆழமான சீழ்க்கட்டியில் வாழும் கிருமிகளிடம் அந்த இழுப்பே கிடையாது. அவற்றுக்கு ஜென்டாமைசின் வீண். மெட்ரோனிடசோல் இதற்கு நேர் எதிர். அது உள்ளே போகும்போது செயலற்ற பொருள். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமியின் எலெக்ட்ரான்களை வாங்கிய பிறகுதான் அது டி.என்.ஏ.வை உடைக்கும் பொருளாக மாறும். ஆக்சிஜன் இருந்தால் அந்த மாற்றம் நடக்காது. கிருமி எதைச் சுவாசித்துப் பிழைக்கிறதோ அதுவே அதற்கு வினையாகிறது. வயிற்றுக்குள் குடல் ஓட்டையாகிச் சீழ் பிடித்தால் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துப் போடுவது இதனால்தான். அங்கே இரண்டு விதக் கிருமிகளும் கலந்து கிடக்கும்.

சல்ஃபா, டிரைமெத்தோபிரிம் இரண்டும் கிருமி ஃபோலேட் என்ற வைட்டமினைத் தயாரிக்கும் பாதையை அடைப்பவை. நாம் ஃபோலேட்டைச் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறோம், கிருமி தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை, டி.என்.ஏ.வின் முறுக்கை அவிழ்க்கும் கைரேஸ் நொதியைப் பிடித்து, வெட்டிய டி.என்.ஏ.வை ஒட்டவிடாமல் செய்யும்.

கேள்வியில் வந்த மூன்று நோய்களுக்கு வருகிறேன். தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸ். அங்கே சுவரும் இல்லை, கிருமிக்கான ரைபோசோமும் இல்லை, எந்த ஆன்டிபயாடிக்குக்கும் வேலை இல்லை. பாக்டீரியாவால் வருகிற தொண்டை வலிக்கு முக்கியக் காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜெனிஸ். கிராம் பாசிட்டிவ். இத்தனை ஆண்டுகளில் கோடிக்கணக்கான பேர் பென்சிலின் சாப்பிட்டும் இந்தக் கிருமி இன்றுவரை பென்சிலினுக்கு மடங்குகிறது. அதற்குப் பென்சிலின் அல்லது அமாக்சிசிலின் போதும். அதைத் தாண்டிப் போவது வீண்.

சிறுநீர்த் தொற்றில் பெரும்பாலும் ஈ. கோலை. வாசல் வழியே நுழையும் மருந்து வேண்டும், சிறுநீரிலும் அது நிறைய சேர வேண்டும். நைட்ரோஃபியூரன்டாயின் என்ற பழைய மருந்து ரத்தத்தில் நிற்பதே இல்லை, சிறுநீரில்தான் போய்த் திரளும். சிறுநீர்ப்பை அளவில் நிற்கும் தொற்றுக்கு அற்புதமான மருந்து. அதே ஈ. கோலை சிறுநீரகத் திசுவுக்கோ ரத்தத்துக்கோ ஏறிவிட்டால் அது உதவாது. கிருமி ஒன்றே, இடம் மாறினால் மருந்தும் மாறும்.

காசநோய்க் கிருமி தனி ரகம். அதன் மதிலுக்கு மேல் மைக்காலிக் அமிலம் என்ற மெழுகுப் பூச்சு. கிராம் சாயம்கூட அதில் சரியாக ஏறாது; சாயத்தைச் சூடாக்கி ஏற்றி, அமிலத்தால் கழுவிப் பார்க்கும் வேறு முறை அதற்கு. ஐசோனியசிட் அந்த மெழுகு தயாராவதையே நிறுத்துகிறது. மற்ற பாக்டீரியாக்களுக்கு அந்த மெழுகு இல்லாததால் அவற்றுக்கு ஐசோனியசிட் ஒன்றுமே இல்லை. எத்தாம்பியூட்டால் மெழுகுக்கு அடியில் இருக்கும் சர்க்கரைப் படலத்தைத் தடுக்கும். ரிஃபாம்பிசின் மரபணுவைப் படியெடுக்கும் நொதியைப் பிடிக்கும். பைரசினமைடு அமிலச் சூழலில் சோம்பிக் கிடக்கும் கிருமிகளைத் தேடிப் பிடிப்பது.

நாலு மருந்து ஏன்? கணக்கு இருக்கிறது. காசநோய்க் கிருமிகளில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று, எந்த மருந்தையும் பார்க்காமலே தற்செயலாக ஐசோனியசிட்டுக்கு மடங்காததாக இருக்கும். ரிஃபாம்பிசினுக்கு ஏறக்குறைய பத்துக் கோடியில் ஒன்று. நுரையீரலில் விழுந்த ஒரு பொந்துக்குள்ளேயே பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கலாம். ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை செத்து, அந்த மடங்காத சிலது பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் ஒருசேர மடங்காத கிருமி தற்செயலாகத் தோன்ற வேண்டுமானால் இரண்டு எண்களையும் பெருக்க வேண்டும்: நூறு லட்சம் கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமி எந்த உடம்பிலும் இருக்காது. ஆறு மாதம் ஏன் என்றால், ஈ. கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிளக்கும், காசநோய்க் கிருமிக்கு ஒரு தடவை பிளக்கவே சுமார் 20 மணி நேரம். பாதி நாள் உறங்கியே கிடக்கும் கிருமியை அது விழிக்கிற வேளை பார்த்துத்தான் பிடிக்க முடியும். இரண்டு மாதத்தில் இருமல் நின்று பசி எடுத்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். அப்போது உள்ளே மிச்சம் இருப்பது அந்த உறங்குகிற கூட்டம்தான்.

மூன்றாவது நிபந்தனை, கிருமி மருந்தை உடைப்பதும் தள்ளுவதும். பென்சிலின் பரவலாகப் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன்பே, 1940-ல், அதை உடைக்கும் ஒரு நொதியை ஈ. கோலையில் ஆபிரகாமும் செயினும் கண்டு எழுதிவிட்டார்கள். பீட்டா-லாக்டமேஸ் குடும்பம் அது. அந்த நாற்கோண வளையத்தை ஒரே வெட்டில் திறந்துவிடும். அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்த்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். கிளாவுலானிக் அமிலம் கிருமியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. வெட்டுகிற நொதியிடம் தானே போய் மாட்டிக்கொண்டு அமாக்சிசிலினைத் தப்பவைக்கும். இன்னும் சில கிருமிகள் பூட்டையே மாற்றிவிடும். அந்த நொதிக்கு உடையாத பென்சிலின் வகையான மெத்திசிலின் வந்த சூட்டோடு, 1961-லேயே, அதற்கு மடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் பதிவானது. முடிச்சுப் போட அது வேறொரு நொதியை இரவல் வாங்கி வைத்திருந்தது, அந்த நொதியைப் பென்சிலின் வகைகளால் பிடிக்க முடியவில்லை. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று சொல்வது அதைத்தான்.

சில கிருமிகள் தம் எதிர்ப்பை மறைத்தும் வைத்திருக்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் பரப்பிய தட்டில் கிளிண்டாமைசின் வில்லையைத் தனியாக வைத்தால் சுற்றிலும் முழு வட்டமாகத் தெளிவு தெரியும். மருந்து கேட்கிறது என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி எரித்ரோமைசின் வில்லை ஒன்றை வைத்துப் பாருங்கள். மறுநாள் கிளிண்டாமைசினின் வட்டம், எரித்ரோமைசின் பக்கம் மட்டும் தட்டையாகி, ஆங்கில ‘டி’ எழுத்து மாதிரி நிற்கும். எரித்ரோமைசினின் வாசம் பட்டதும் கிருமி தன் ரைபோசோமின் ஓர் இடத்தில் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டி, இரண்டு மருந்துக்கும் சேர்த்துக் கதவைச் சாத்துகிறது. அந்தத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தட்டையான அந்த ஓரத்தைக் கண்டுபிடிக்காமல் விட்டால், சிகிச்சைக்கு நடுவில் மருந்து கைவிடும்.

கடைசியாக, அடிக்கடி நடக்கிற ஒன்று. நோயாளியின் ரத்தத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் வளர்கிறது. எந்த வகை என்று தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும், எம்.ஆர்.எஸ்.ஏ.வாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று மருத்துவர் வான்கோமைசினைத் தொடங்குகிறார். அது சரியான முடிவு. பிறகு ரிப்போர்ட் வருகிறது, சாதாரண வகை. உடனே வான்கோமைசினை நிறுத்திவிட்டு செஃபாசோலின் மாதிரி ஒரு பழைய, எளிய மருந்துக்கு மாற்றுவார்கள். வீட்டார் பதறிப்போய், “பவரைக் குறைத்துவிட்டார்களே” என்று கேட்பார்கள். வான்கோமைசின் பருத்த மூலக்கூறு, திசுவுக்குள் தயங்கித்தான் நுழையும், இந்தக் கிருமியைக் கொல்வதிலும் மெதுவானது. செஃபாசோலின் இந்தக் கிருமியை அதைவிட வேகமாகக் கொல்லும். சாதாரண வகை என்று தெரிந்த பிறகும் வான்கோமைசினிலேயே விட்டுவைத்தவர்களில் அதிகம் பேர் இறக்கிறார்கள் என்பதை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் அந்த முடிவு தட்டில் தெரிந்ததும் ரிப்போர்ட் அச்சாகட்டும் என்று நாங்கள் காத்திருப்பதில்லை. வார்டுக்கு நேராகப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறோம், அடுத்த டோஸே மாறட்டும் என்று.